எருமை நாக்கும் என் பிள்ளையும்

"அம்மா, இந்த மீனுக்கு ரெண்டு கண்ணும் ஒரே பக்கம் இருக்கு, பாத்தியா?" என்று வாசற்படியில் பையைக் கவிழ்த்தான் என் பெரிய பிள்ளை. நான் மீனைப் பார்க்கவில்லை. கடற்கரைக் குப்பத்தில் பிறந்தவளுக்கு எருமை நாக்கைக் காட்டி வேடிக்கை சொல்லித்தான் ஆக வேண்டுமா என்ன! என் பார்வையெல்லாம் அவன் முழங்காலில் இருந்த சிராய்ப்பின் மேல்.

எங்கள் வீடு இருப்பது ஒரகடத்துக்குப் பக்கத்தில். கடலுக்கும் எங்களுக்கும் சம்பந்தமே இல்லை. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் போனாலும், சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் போனாலும் கண்டெய்னர் லாரியும், கம்பெனி பஸ்ஸும், தகரக் கூரைக் கொட்டகைகளும்தான். 1998-ல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஹூண்டாய் கார் வெளிவர ஆரம்பித்தது. 2010-ல் ஒரகடத்தில் ரெனோ நிஸ்ஸான் தொழிற்சாலை. அந்தச் சமயத்தில்தான் என் வீட்டுக்காரருக்கும் இந்தப் பக்கம் ஒரு சின்னக் கம்பெனியில் வேலை கிடைத்துக் குடி வந்தோம். அவரும் எங்கள் ஆட்கள்தான். ஆனால் துடுப்புப் பிடித்தறியாதவர். அதனால்தான் அவரைக் கட்டிக் கொண்டேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள், நிஜம் அதுதான்.

1989-ல் எனக்கு எட்டு வயது. அப்பா கட்டுமரத்தில் போனவர் அன்றைக்குத் திரும்பவில்லை. கச்சான் காற்று என்று சொல்வோம், நிலத்திலிருந்து கடலைப் பார்த்து அடிக்கிற மேல்காற்று. அது பிடித்தால் என்னதான் துடுப்புப் போட்டாலும் மரம் வெளியேதான் போகும். இரண்டு ராத்திரி அம்மா மணலில் உட்கார்ந்திருந்தாள். சோறு இல்லை, தண்ணீர் இல்லை, தலைமுடியைக்கூட முடியவில்லை. மூன்றாம் நாள் வடக்கே யாரோ விசைப்படகுக்காரர் அப்பாவைக் கண்டு காசிமேட்டில் இறக்கி விட்டதாகச் செய்தி வந்தது. அப்பா வந்து சேர்ந்தார். அடுத்த வாரமே மறுபடியும் கடலுக்குப் போனார்! அம்மாவும் கஞ்சித் தூக்கை எடுத்துக் கொடுத்தாள். அப்போதே நான் நினைத்துக் கொண்டேன், எனக்குப் பிறக்கிற பிள்ளை கரையில்தான் பிழைக்க வேண்டும் என்று.

பிள்ளையும் கரையில்தான் வளர்ந்தான். ஐ.டி.ஐ. படித்தான். ஒரு கம்பெனியில் காண்ட்ராக்டில் சேர்ந்தான். போன வருஷம் பிப்ரவரியில், அவனையும் அவனோடு இருந்த பையன்களையும், "அடுத்த மாசத்திலிருந்து வரவேண்டாம்" என்று சொல்லி விட்டார்கள். இரண்டு மாதம் வீட்டில் செல்போனும் கையுமாகப் படுத்துக் கிடந்தான். சாப்பிடக் கூப்பிட்டால் பதில் வராது. அப்பாவுக்கும் பிள்ளைக்கும் பேச்சு நின்று போயிற்று. சமையற்கட்டில் நின்று கொண்டு இரண்டு பேருக்கும் நடுவே தூது போனவள் நான்.

அந்தச் செல்போனில்தான் அவன் அதைப் பார்த்திருக்கிறான். அமெரிக்காவில் கலிபோர்னியா கடலில் கயாக் என்கிற ஒற்றை ஆள் தோணியில் உட்கார்ந்து, உயிருள்ள சாளை மீனைத் தூண்டிலில் கோத்து, ஹாலிபட் என்ற தட்டை மீனைப் பிடிக்கிறார்கள். கயாக் என்பது வடதுருவத்துப் பக்கம் இருக்கும் இனூயிட் மக்கள் கண்டுபிடித்ததாம். சட்டம் கட்டி, அதன்மேல் சீல் தோலை இழுத்துத் தைத்த தோணி. இப்போது மீன் பிடிக்க வருவது பிளாஸ்டிக்கில், மேலே உட்கார்ந்து கொள்ளும் மாதிரி. ஏறிய தண்ணீர் தானாக வடிந்து போக ஓட்டைகூட வைத்திருக்கிறார்கள்.

"இது நம்ம கட்டுமரம்தானேம்மா!" என்று எழுந்து உட்கார்ந்தான். இரண்டு மாதத்தில் அவனாகப் பேசிய முதல் பேச்சு அது. நான் சும்மா இருந்திருக்கலாம். "ஆமாம்டா, கட்டுமரத்திலும் தண்ணி நிக்காது. இடுக்கு வழியா வடிஞ்சிடும். கவுந்தாலும் முழுகாது. உங்க தாத்தா அதனாலதான் பொழைச்சு வந்தாரு" என்று சொல்லி வைத்தேன். என் வாயாலேயே வினை!

மறுநாள் காலையில் ஆளைக் காணோம். செங்கற்பட்டு, திருக்கழுக்குன்றம் என்று பஸ் மாறி, மாமல்லபுரத்துக்குத் தெற்கே என் தம்பி வீட்டில் போய் நின்றிருக்கிறான்.

என் தம்பியிடம் பைபர் படகு உண்டு. 2004 சுனாமிக்குப் பிறகு எங்கள் குப்பங்களில் கட்டுமரம் குறைந்து, எங்கே பார்த்தாலும் பைபர்தான். ஆனாலும் அவன் ஒரு சின்னக் கட்டுமரத்தை விடாமல் வைத்திருக்கிறான். லேசான மரக்கட்டைகளை ஆணி இல்லாமல் கயிற்றால் கட்டியது. அவிழ்த்துக் காயப் போட்டுத் திரும்பக் கட்டலாம். டீசல் செலவு கிடையாது, கரைக்குப் பக்கத்தில் தூண்டில் போட அது போதும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். துடுப்புப் போடும் கட்டுமரத்துக்கு அந்தத் தடை இல்லை. மார்க்கெட்டில் மீன் வரத்துக் குறைந்திருக்கும்போது நாலு மீன் கிடைத்தாலும் விலை போகும். பிள்ளை போய்ச் சேர்ந்தது சரியாக அந்தச் சமயம்.

பத்து நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு நானே கிளம்பிப் போனேன். இழுத்துக் கொண்டு வந்து விடுவதுதான் யோசனை. போன இடத்தில் விடியற்காலை நாலு மணிக்கு மாமனும் மருமகனும் கிளம்புவதைப் பார்த்துக் கொண்டு நின்றேன்.

முதலில் பக்கிங்ஹாம் கால்வாயில் வீசுவலை போட்டு இரை பிடிக்கிறார்கள். உயிருள்ள இறால், விரல் நீள மடவைக் குஞ்சு. பக்கமெல்லாம் ஓட்டை போட்ட ஒரு பிளாஸ்டிக் கேனில் அவற்றை விட்டு, மரத்தின் ஓரத்தில் கட்டித் தண்ணீரிலேயே தொங்க விடுகிறார்கள். உள்ளே புதுத் தண்ணீர் ஓடிக் கொண்டே இருப்பதால் இரை சாகாது. ஒரு வாளியில் இருபது இறாலை அடைத்து வைத்தால் அரை மணியில் பாதி செத்து விடும் என்றான் தம்பி. கோப்பதிலும் பக்குவம் உண்டு. இறாலை வால் பக்கம் குத்த வேண்டும், தலைக்குள் கறுப்பாகத் தெரிகிற இடத்தில் முள் பட்டால் தீர்ந்தது. மடவைக்கு உதட்டில்.

எருமை நாக்கு மணலும் சேறுமான தரையில், உடம்பைப் பாதி புதைத்துக் கொண்டு கண்ணை மட்டும் வெளியே வைத்துக் கிடக்கும். தலைக்கு மேலே துடிக்கிற எதையும் அள்ளிக் கொள்ளும் பெரிய வாய், உள்ளே ஊசி ஊசியாகப் பல். அதனால் ஈயக்குண்டு தரையைத் தொட்டதும் ஒரு முழம் தூக்கிப் பிடித்துக் கொண்டு, மரத்தை நீரோட்டத்தின் போக்கில் விட்டு விடுகிறார்கள். பாருக்குப் பக்கத்தில் போனால் நரம்பு சிக்கி அறுந்து விடும். ஓரமாக, மணல் இருக்கிற தடத்திலேயே போக வேண்டும். ஆழத்தை இன்றைக்கும் பாகக் கணக்கில்தான் சொல்கிறார்கள்.

"கடிச்சதும் இழுத்துடக் கூடாதும்மா. மொதல்ல கவ்விக்கிட்டு சும்மா கெடக்கும். கொஞ்சம் விட்டுக் குடுத்து, அது முழுங்கின பிறகுதான் இழுக்கணும். ஈரச் சாக்கை இழுக்கிற மாதிரி கனமா வரும். மேலே வந்து வெளிச்சத்தைப் பாத்ததும்தான் அதுக்குக் கோவமே வரும்!" என்று பிள்ளை எனக்குப் பாடம் நடத்தினான். கட்டுமரத்துக்குப் பக்கச் சுவர் கிடையாது. துள்ளினால் மீன் தண்ணீருக்குத் திரும்பி விடும். அதனால் தலையைத் தண்ணீரில் வைத்துக் கொண்டே பை வலைக்குள் தள்ளி, வாயை இறுக்கிக் கட்டி விடுகிறார்கள்.

இந்த மீனின் பேரைப் பற்றி அவன் சொன்ன ஒரு சமாசாரம் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. 1801-ல் ப்ளாக், ஷ்னைடர் என்ற இரண்டு ஜெர்மானியர் பேரில் வந்த புத்தகத்தில், நம் தரங்கம்பாடியில் பிடித்த இந்த மீனுக்கு 'எருமை' என்றே விஞ்ஞானப் பெயர் வைத்து விட்டார்கள். அதாவது 'எருமை நாக்கு' என்று நம் கரையில் சொல்வதையே எடுத்துக் கொண்டார்கள். உலகம் பூராவும் இதற்கு இன்றைக்கும் செட்டோடஸ் எருமை என்றுதான் பெயர். இங்கிலீஷில் இந்தியன் ஹாலிபட் என்பார்கள். வடக்குக் கடல்களில் கிடைக்கும் நிஜ ஹாலிபட் இருநூறு கிலோவுக்கு மேலேகூட வளருமாம். நம்முடையது இரண்டு முழம்கூட வராது. குஞ்சாக இருக்கும்போது மற்ற மீன் மாதிரிதான் பக்கத்துக்கு ஒரு கண்; வளர வளர ஒரு கண் மெல்ல நகர்ந்து அடுத்த பக்கம் வந்து விடுகிறது. எருமை நாக்கில் சிலவற்றுக்கு இரண்டு கண்ணும் இடப் பக்கம், சிலவற்றுக்கு வலப் பக்கம்.

ஹாலிபட் லிவர் ஆயில் மாத்திரை சில சகோதரிகளுக்கு நினைவிருக்கும். அதில் வைட்டமின் ஏ மிகவும் அதிகம். பிள்ளைத்தாய்ச்சிகள் டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது. மீன் சதைக்கு அந்தப் பயமில்லை.

இப்படியெல்லாம் பேசிப் பேசியே என்னை அந்தத் தடவை திருப்பி அனுப்பி விட்டார்கள்.

ஜூன் முதல் வாரத்தில் தம்பியிடமிருந்து போன். "அக்கா, பயப்படாதே, ஒண்ணுமில்ல..." இப்படி ஆரம்பித்தால் ஒன்றுமில்லாமலா இருக்கும்? கரைக்குத் திரும்பும்போது அலைவாயில் மரம் கவிழ்ந்து விட்டது. பிள்ளை மரத்தைக் கட்டிப் பிடித்துக் கொண்டு கரை சேர்ந்து விட்டான். ஆனால் சுருட்டி வைத்திருந்த தூண்டில் முள் ஒன்று கட்டை விரல் சதையில் ஏறி விட்டது. முள்ளில் எதிர்க் கொக்கி இருக்கிறதல்லவா, இழுத்தால் சதையோடு வரும். நல்ல வேளை, தம்பி அதை இழுக்காமல் நரம்பை மட்டும் நறுக்கி விட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயிருந்தான். அங்கே மரக்க ஊசி போட்டு எடுத்தார்கள், டி.டி. ஊசியும் போட்டார்கள். நான் போனபோது கையில் கட்டோடு சிரித்துக் கொண்டு உட்கார்ந்திருந்தான்.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "இனிமே நீ மரத்துல ஏறினா நான் உனக்கு அம்மா இல்ல!" என்று எல்லார் எதிரிலும் கத்தி விட்டேன்.

அவன் கத்தவில்லை. "அம்மா, என் லைன்ல பிரஸ் மிஷின்ல ஒருத்தனுக்கு ரெண்டு விரல் போச்சே, அன்னிக்கு வந்து சொன்னேன். நீ என்ன சொன்னே? 'ஜாக்கிரதையா இருடா'ன்னு சொல்லி டிபன் பாக்ஸைக் கையில குடுத்தே. அன்னிக்கு ஏன்மா என்னைப் போகாதேன்னு சொல்லலே?" என்றான்.

எனக்குப் பதில் வரவில்லை. அம்மா கஞ்சித் தூக்கை எடுத்துக் கொடுத்த கைதான் ஞாபகம் வந்தது. சம்பளம் வருகிற இடத்துப் பயம் நமக்குப் பயமாகவே தெரிவதில்லையோ என்னவோ. அன்றைக்கு ராத்திரி தம்பி வீட்டுத் திண்ணையில் தூக்கம் வராமல் இதையே புரட்டிக் கொண்டிருந்தேன்.

காலையில் மீனை நானே நறுக்கினேன். முந்தின நாள் கவிழ்ந்ததிலும் பை வலைக்குள் தப்பியிருந்த எருமை நாக்கு அது. பொடிச் செதில், நுனியிலிருந்து தலைப் பக்கமாகச் சுரண்டினால் வந்து விடும். நடு முள்ளை ஒட்டிக் கத்தி விட்டால் மேலே இரண்டு, கீழே இரண்டு என்று நாலு பாளமாகச் சதை வரும். வெள்ளைச் சதை, பொடி முள் தொந்தரவு இல்லாததால் குழந்தைகளுக்கும் வயசானவர்களுக்கும் பயமில்லாமல் கொடுக்கலாம். மிளகு, பூண்டு, மஞ்சள், உப்பு அரைத்துத் தடவி, வாழை இலையில் மடித்து ஆவியில் வைத்தேன். எண்ணெய் ஒரு சொட்டு இல்லை. என் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை இருப்பதால் எங்கள் வீட்டில் இப்போது எந்த மீனும் இப்படித்தான். குழம்பு வைப்பதானால் கொதித்த பிறகு கடைசியில் போட்டு, கரண்டி போடாமல் சட்டியை ஆட்டி விடுங்கள். சதை மிருது, கரைந்து விடும்.

பிறகு நான் ஒரே ஒரு நிபந்தனை போட்டேன். மிதவைச் சட்டை போடாமல் மரத்தில் ஏறக் கூடாது. இரண்டு பேரும். தம்பி விழுந்து விழுந்து சிரித்தான். "அக்கா, குப்பத்துல மானம் போயிடும். அதைப் போட்டுக்கிட்டுத் துடுப்புப் போட்டா கக்கத்துல இடிக்கும்." அந்தக் கலிபோர்னியாக்காரர்கள் எல்லாம் போட்டுக் கொண்டுதானே போகிறார்கள், அவர்களுக்கு இடிக்காதா என்று பிள்ளையின் செல்போனையே எடுத்துக் காட்டினேன். சீட்டுப் பணத்தில் ஆரஞ்சு நிறத்தில் இரண்டு வாங்கிக் கொடுத்தேன். தம்பி கரை மறைகிற வரைக்கும் போட்டிருப்பான், அப்புறம் கழற்றி விடுவான் என்று எனக்குச் சந்தேகம்தான். பிள்ளை கழற்றுவதில்லையாம். மாமனே சொன்னான்.

ஆகஸ்டில் பிள்ளைக்கு வேறு ஒரு கம்பெனியில் வேலை கிடைத்தது. இதுவும் காண்ட்ராக்ட்தான், மூன்று ஷிப்ட். அப்பாவும் பிள்ளையும் பேசிக் கொள்கிறார்கள், மீனைப் பற்றி மட்டும். என் வீட்டுக்காரர் ஒரகடம் ஏரியில் சின்ன வயசுப் பையன்கள் தவளையை உயிரோடு கோத்து விரால் பிடிப்பதை நின்று பார்த்துவிட்டு வந்து, "அதுவும் உசுரு இரைதான்டா" என்று அவனுக்குச் சரியாகப் பேசுகிறார்! பிள்ளைக்கு வார லீவு ஞாயிற்றுக் கிழமை வந்தால் சனி ராத்திரியே கிளம்பி விடுகிறான்.

போன சனிக்கிழமை சாயந்திரம் தம்பி போன் பண்ணினான். "அக்கா, நல்ல எறால் கெடைச்சிருக்கு, கேன்ல உசுரோட இருக்கு. பையனை அனுப்புறியா?"

"காத்து எந்தப் பக்கம்டா?" என்று கேட்டேன்.

"கொண்டல்தான்க்கா. கச்சான் இல்லே."

மிதவைச் சட்டையை நான்தான் பையில் எடுத்து வைத்தேன்.