மலடன் என்றொரு சொல்

மலடி என்ற சொல்லைக் கேளாத செவி நம் ஊர்களில் இராது. மலடன் என்ற சொல்லும் தமிழில் உண்டு. ஆனால் எந்தத் தெருச்சண்டையிலும் நான் அதைக் கேட்டதில்லை. பல்லாண்டுகளாகத் தமிழ் கற்பிக்கும் எனக்கு, அச்சொல் என்னையும் குறிக்கக்கூடும் என்று தோன்றவே நெடுங்காலம் ஆயிற்று.

மணமாகி ஆறாண்டுகள் எங்களுக்குக் குழந்தை இல்லை. அந்த ஆண்டுகளில் என் மனைவிக்கு இரத்தப் பரிசோதனைகள், ஸ்கேன்கள், கருக்குழாய் அடைப்பைக் காட்டும் எக்ஸ்ரே என அனைத்தும் நடந்தன. திருக்கருகாவூர் கர்ப்பரட்சாம்பிகை சந்நிதியில் பெற்ற நெய்யை 48 நாட்கள் இருவரும் உண்டோம். நெய்யில் பங்குகொண்ட நான் பரிசோதனையில் பங்குகொள்ளவில்லை. உறவினர் வீட்டு வளைகாப்பில் வளையல் அடுக்க எழுந்தவளை, ஒரு மூதாட்டி கையைப் பற்றி அமர்த்தினார். வீடு திரும்பும் வரை அவள் பேசவில்லை. நானும் பேசவில்லை.

2015இல் புதிதாகப் பார்த்த மருத்துவர் கோப்பைப் புரட்டிவிட்டு, "சார், உங்க ரிப்போர்ட் எங்கே?" என்றார். அப்படியொன்று இல்லை. குழந்தையின்மையில் ஏறத்தாழப் பாதியில் ஆணின் குறையும் சேர்ந்திருக்கிறது என்றார் அவர். சில நூறு ரூபாயில், ஒரு காலைப் பொழுதில் முடிகிற சோதனை அது.

மில்லி லிட்டருக்கு 60 லட்சம் விந்தணுக்கள் என்று முடிவு வந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் அன்றைய கையேடு கீழ் எல்லையாகக் கொண்டது 1.5 கோடி, 2021 பதிப்பில் அது 1.6 கோடி. ஓராண்டுக்குள் தந்தையாகும் ஆண்களில் நூற்றுக்கு ஐவரே அதற்கும் கீழே இருப்பவர்கள்.

நாளுக்குப் பத்து சிகரெட், பெருத்த தொந்தி, இரவெல்லாம் மடியில் சூடேறும் மடிக்கணினி. மூன்றையும் விடச் சொன்னார். விதைகள் உடலுக்கு வெளியே இருப்பதே உடற்சூட்டைவிடச் சில டிகிரி தணிந்திருக்கத்தான். ஒரு விந்தணு உருவாகி முதிர்ந்து வெளிவர ஏறத்தாழ மூன்று மாதங்கள் ஆகின்றன. இன்று பிடிக்கும் சிகரெட்டின் கணக்கு மூன்று மாதம் கழித்தும் தீர்க்கப்படும்.

ஐந்து மாதத்தில் எண்ணிக்கை 2 கோடியைத் தாண்டியது. கருத்தரித்தாள், ஒன்பதாம் வாரத்தில் கலைந்தது. "மாடிப்படி ஏறினதாலயா டாக்டர்?" என்று அழுதாள். படிக்கட்டுக்கும் இதற்கும் தொடர்பில்லை என்றார் மருத்துவர். தொடக்கத்தில் கலையும் கருக்களில் பெரும்பாலானவை குரோமோசோம் பிழையால் கலைகின்றன. விந்தணுவின் மரபணுச் சேதமும் கருச்சிதைவோடு தொடர்புடையது. எங்கள் இழப்புக்கு எது காரணமென்று எவராலும் சொல்ல இயலாது. அவள் கேள்வியை நான் கேட்டிருக்க வேண்டும்.

மறு ஆண்டு மகள் பிறந்தாள். "அவளுக்கு வைத்தியம் பலிச்சிடுச்சு" என்றது சுற்றம். நான் தலையசைத்தேன். என் அம்மாவும் அப்படியே நம்பி மறைந்தார்.

சென்ற மாதம் உறவுக்காரத் தம்பி ஒருவன் மனைவியின் ஸ்கேன்களோடு வந்து, நல்ல டாக்டர் யார் அண்ணா என்று கேட்டான். "உன் ரிப்போர்ட் எங்கப்பா?" என்றேன். அவன் முகம் சுருங்கியது. என்னுடைய எண்ணிக்கையைச் சொன்னேன். காப்பியோடு வந்த என் மனைவி வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். பிறர் முன்னிலையில் நான் அதைச் சொல்லி அவள் கேட்டது அன்றுதான்.