கடலூர்ச் சீமை – 3: சாமி புறப்படும் தடம்

பண்ருட்டிக்கும் வடலூருக்கும் நடுவே, முந்திரித் தோப்புகளும் பலா மரங்களும் சூழ்ந்த செம்மண் பூமியில் இருக்கிறது காடாம்புலியூர். வடக்கே தென்பெண்ணை, தெற்கே வடலூர், புவனகிரி தாண்டினால் சிதம்பரம். வட்டாரத்தின் பெரிய திருவிழாக்களுக்கு இவ்வூர்க்காரர்கள் பஸ் ஏறும் திசைகள் இவைதாம்.

பொங்கல் முடிந்த கையோடு தை 5-ல் ஆற்றுத் திருவிழா. தென்பெண்ணைக் கரையோர ஊர்களின் உற்சவமூர்த்திகள் வண்டியேறி ஆற்று மணலுக்கு வந்து தீர்த்தவாரி கொள்வர். பண்ருட்டிப் பக்கம் கண்டரக்கோட்டை இதற்குப் பேர்போனது. ராட்டினம், வளையல் கடை எல்லாம் உண்டு. ஆனாலும் சுருளிக்கிழங்கு வாங்காமல் வீடு திரும்பினால் திருவிழாவுக்குப் போனதாகவே யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

அதே தை மாதத்தில் வடலூரில் பூசம். இங்கே புறப்பாடும் இல்லை, தேரும் இல்லை. 1867-ல் தருமச்சாலையைத் தொடங்கிய வள்ளலார், 1872-ல் சத்திய ஞான சபையில் ஜோதி வழிபாட்டைத் தொடங்கிவைத்தார். பூசத்தன்று ஏழு திரைகளும் விலக, கண்ணாடிக்குப் பின்னால் ஜோதி தெரியும். மாதப் பூசங்களில் ஆறு திரைகளே விலகும். சாதி, சமயம், சடங்கு வேண்டாம் என்றவரின் விழாவை இந்துப் பண்டிகைப் பட்டியலில் சேர்ப்பது சரிதானா என்ற கேள்வி நியாயமானது. வரும் கூட்டமோ அதைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. ஜோதி பார்த்துவிட்டு அன்னதானப் பந்தலில் உட்கார்ந்துவிடுகிறது.

மாசி மகத்தில் திசை கடலுக்குத் திரும்பும். ஸ்ரீமுஷ்ணம் பூவராகப் பெருமாள் சிதம்பரத்துக்குக் கிழக்கே உள்ள கிள்ளைக்குத் தீர்த்தவாரிக்கு எழுந்தருள்வார். அவரை மாலை மரியாதையோடு வரவேற்பவர்களில் அவ்வூர் முஸ்லிம்களும் உண்டு.

இத்தனைக்கும் மேலே நிற்பது சிதம்பரம். மற்ற கோயில்களில் மூலவர் கருவறையை விட்டு நகர்வதில்லை. உற்சவரே வீதிக்கு வருவார். இங்கோ சித்சபையில் பூசை கொள்ளும் நடராஜரே சிவகாமியோடு வெளியே வருகிறார். ஆனித் திருமஞ்சனம், மார்கழித் திருவாதிரை என ஆண்டுக்கு இரண்டு பத்து நாள் உற்சவங்கள். முதல் எட்டு நாளும் பஞ்சமூர்த்திகளின் வீதியுலா. ஒன்பதாம் நாள் விநாயகர், முருகர், நடராஜர், சிவகாமி, சண்டிகேஸ்வரர் ஆகியோரின் ஐந்து தேர்களும் நான்கு மாட வீதிகளையும் சுற்றும். பார்வதி தங்கள் குலத்துப் பெண் என்பதால் பருவதராஜ குலத்து மீனவர்கள் அன்று பட்டுச் சீர் கொண்டுவருகிறார்கள். பிறந்த வீட்டுச் சீருக்குத் தேர் நிற்காமல் போய்விடுமா!

தேர் நிலைக்கு வந்த இரவு நடராஜர் ஆயிரங்கால் மண்டபத்தில் தங்குவார். பத்தாம் நாள் விடியுமுன் அங்கே மகாபிஷேகம்: பால், தயிர், தேன், இளநீர், சந்தனம் எனக் குடம் குடமாக. மார்கழியானால் வீடுகளில் திருவாதிரைக் களியும் குழம்பும் மணக்கும். பிற்பகலில் தீட்சிதர்கள் தோளில் சுமந்துவர, முன்னும் பின்னுமாக நடனமாடியபடி கூத்தர் சித்சபைக்குத் திரும்புவார். அதுவே தரிசனம், காத்துக்கிடக்கும் கூட்டம் அந்தச் சில நிமிடங்களுக்காகத்தான். ஆண்டின் ஆறு அபிஷேகங்களில் மற்ற நான்கும் கனகசபையில் நடப்பதால் அவற்றுக்கு இந்த நெரிசல் கிடையாது. மறுநாள் முத்துப்பல்லக்கு வீதியுலாவோடு உற்சவம் நிறைவடையும்.