ராத்திரி எட்டு மணிப் புடவை

என் வயதுத் தமிழ்ப் பெண்ணின் துணி அலமாரியைத் திறந்தால் எது எதற்கு என்று கேட்காமலே தெரிந்துவிடும். மேல்தட்டில் கல்யாணப் பட்டு, வெள்ளைத் துணியில் சுற்றி, அவ்வப்போது மடிப்பு மாற்றி வைத்தது. அதற்குக் கீழே சீமந்தம், கிரகப்பிரவேசம், கொலு வெற்றிலை பாக்கு என்று போய்வர சாஃப்ட் சில்க். அப்புறம் கோயிலுக்கு, ஆபீசுக்கு. அடியில் நைட்டி. சிநேகிதிகளோடு ராத்திரி எட்டு மணிக்குக் கிளம்பி, நிதானமாகச் சாப்பிட்டு, பாட்டுக் கேட்டு, பதினொன்றரைக்கு வீடு திரும்ப என்ன உடுத்துவது என்பதற்கு மட்டும் அதில் தட்டு கிடையாது. நம் அம்மாக்கள் அப்படிப் போனதில்லை. செகண்ட் ஷோ போனார்கள், அதுவும் அப்பாவோடு. கொட்டகை இருட்டில் எதைக் கட்டினால்தான் என்ன?

கொல்கத்தாவை ஒட்டிய நியூ டவுனுக்குக் குடிவந்த பிறகுதான் எனக்கு இந்தப் பிரச்சினையே வந்தது. ராஜார்ஹாட் வயல்களின் மேல் எழும்பிய ஊர் இது. 1999இல் ஹிட்கோ என்ற அரசு நிறுவனத்தைத் தொடங்கி, நிலம் எடுத்து, ஆக்‌ஷன் ஏரியா ஒன்று, இரண்டு, மூன்று என்று பிரித்து வீதி போட்டார்கள். 2012இல் ஈக்கோ பார்க் வந்தது. 2019இல் நார்க்கேல் பாகான் நாற்சந்திக்கு மேலே விஸ்வ பங்களா கேட்டின் கண்ணாடி வளையத்தில் உணவகம் திறந்தார்கள். கீழே வண்டிகள் சுற்றிப் போய்க்கொண்டிருக்க, மேலே உட்கார்ந்து சாப்பிடலாம். விமான நிலையத்தை நம்பிப் பெரிய ஹோட்டல்கள் வரிசையாக வந்தன. பிள்ளைகள் பெங்களூருக்கும் புனேவுக்கும் போய்விட்ட வீடுகளில், ஐம்பதை ஒட்டிய பெண்களுக்குத் திடீரென்று சனிக்கிழமை ராத்திரிகள் மிச்சமாயின. பழைய கொல்கத்தாத் தமிழர்கள் லேக் மார்க்கெட் பக்கம் இருக்கிறார்கள். அங்கே மல்லிகைச் சரம், காபிப் பொடி, தெரிந்த மாமி எல்லாம் கிடைக்கும். மாமி கிடைத்தால் மாமியின் பார்வையும் கூடவே கிடைக்கும். நியூ டவுனில் பூவும் கிடைப்பதில்லை, பார்வையும் கிடைப்பதில்லை.

அப்படி ஒரு சனிக்கிழமை எதிர் ஃபிளாட் வங்காளிப் பெண் காஞ்சிபுரம் பட்டு கட்டிக்கொண்டு வந்தாள். மாம்பழ மஞ்சள், அரக்குக் கரை. ஏறக்குறைய அதே புடவை என்னிடமும் உண்டு. நாத்தனார் பெண் கல்யாணத்துக்கு எடுத்தது. அவள் அதைக் கறுப்பில் கையில்லாத ரவிக்கையோடு கட்டியிருந்தாள். குட்டை முடி. தங்கம் பொட்டுக்கூட இல்லை. கழுத்தில் பாங்குரா மாவட்டத்து டோக்ரா பதக்கம் மட்டும், மெழுகு வார்ப்பில் செய்த பித்தளை. என் புடவையா இது என்று இருந்தது. நான் கட்டும்போது அது என்னை மாப்பிள்ளை வீட்டார் வரிசையில் கொண்டுபோய் உட்கார்த்தும்.

யோசித்தால் விஷயம் அங்கேதான் இருக்கிறது. கல்யாணத்தில் நாம் கட்டும் பட்டு வீட்டுக்காகப் பேசும். இவள் இன்னாருடைய பெண், இன்னாருக்கு வாழ்க்கைப்பட்டவள், பையன் நன்றாகச் சம்பாதிக்கிறான் என்று கரையின் அகலமே சொல்லிவிடும். நாலு சிநேகிதிகள் உட்கார்ந்திருக்கும் மேஜையில் இதையெல்லாம் யாரும் கேட்பதில்லை. யார் சார்பிலும் இல்லாமல் உடுத்துவது எப்படி என்பது ஐம்பது வயதுக்குப் பழக்கமில்லாத வேலை. அதனால்தான் கட்டிலில் பதினைந்து துணியை இறைத்துப் போட்டுவிட்டு, கடைசியில் ஆபீஸ் போகிற மாதிரி கிளம்புகிறோம்.

கொல்கத்தாவில் இந்தச் சங்கடம் ரொம்பப் பழையது. ஜோராசாங்கோ தாகூர் குடும்பத்து மருமகள் ஞானதாநந்தினி தேவி, ரவீந்திரநாத்தின் அண்ணி, 1850இல் பிறந்தவர். கணவர் சத்யேந்திரநாத், ஐ.சி.எஸ். தேறிய முதல் இந்தியர். 1864இல் கணவரோடு பம்பாய்க்குக் கிளம்ப வேண்டும். அந்த மாளிகையில் எல்லாம் இருந்தது, பெண்கள் வெளியே உடுத்திப்போக ஓர் உடை இல்லை. வீட்டில் ஒற்றைத் துணியைச் சுற்றிக்கொண்டிருந்தவர்கள். வெளியே போனால்தானே வேறு உடை வேண்டும்! பிரெஞ்சுக்காரர் கடை ஒன்றில் சொல்லி ‘கீழை நாட்டு உடை’ என்று ஏதோ தைத்து வாங்கினார்கள். ஒருத்தியாக அதைப் போட்டுக்கொள்ளவே முடியவில்லையாம்.

பம்பாயில் பார்சிப் பெண்கள் புடவை கட்டும் விதத்தைப் பார்த்தார். அதை எடுத்துக்கொண்டு, வலது கை வேலைக்கு வேண்டும் என்று முந்தானையை இடது தோளுக்கு மாற்றினார். உள்ளே பாவாடை, மேலே ஜாக்கெட். கொல்கத்தா திரும்பியதும், இப்படிக் கட்ட விரும்புகிறவர்களுக்குக் கற்றுத் தருகிறேன் என்று பத்திரிகையில் விளம்பரமே கொடுத்தார். 1866இல் வைஸ்ராய் மாளிகை விருந்துக்குப் போனார். அங்கே வந்திருந்த தாகூர் குடும்பத்துப் பெரியவர் ஒருவர், நம் வீட்டுப் பெண் சபையில் நிற்பதா என்று வெட்கப்பட்டு எழுந்து போய்விட்டதாகச் சொல்வார்கள். ஞானதாநந்தினிக்கு அப்போது பதினாறு வயது.

‘நம் பாரம்பரிய ரவிக்கை’ என்று யாராவது ஆரம்பித்தால் எனக்கு இவர் ஞாபகம்தான் வரும். இன்று வங்காளத்தில் பாரம்பரியம் என்று சொல்லும் புடவைக்கட்டே, வெளியே போக உடையில்லாத ஒரு பெண் அங்கொன்றும் இங்கொன்றுமாக எடுத்துச் சேர்த்தது. அவர் சேர்த்ததை நான் கொஞ்சம் மாற்றினால் குடி முழுகிவிடாது.

நமக்கு இன்னும் கிட்டத்து உதாரணமும் இருக்கிறது. உஷா உதுப், 1947இல் பிறந்த தமிழ்க் குடும்பத்துப் பெண். அறுபதுகளின் கடைசியில் சென்னை மவுண்ட் ரோடு நைன் ஜெம்ஸ் கிளப்பில் பாட ஆரம்பித்து, பிறகு கொல்கத்தா பார்க் ஸ்ட்ரீட் டிரிங்காஸுக்கு வந்தார். கிளப் பாடகி என்றால் பளபளக்கும் கவுன் என்று எல்லோரும் நினைத்திருந்த தெருவில், காஞ்சிபுரம் புடவையும் பூவும் வளையலுமாக மைக் முன்னால் நின்றார். புரட்சி செய்ய நினைத்து அப்படி உடுத்தவில்லை. எப்போதும் கட்டுவதைக் கட்டிக்கொண்டு வந்தார், அவ்வளவுதான். பின்னாளில் நெற்றிப் பொட்டில் வங்காள ‘க’ ஏறியது. காலில் பட்டுத் துண்டு ஒட்டிய ஸ்னீக்கர். 2024இல் பத்மபூஷண் கொடுத்தார்கள். அந்த ஸ்னீக்கருக்குத் தனியாக ஒன்று கொடுத்திருக்கலாம் என்பது என் கட்சி. ஹை ஹீல்ஸில் மூன்று மணி நேரம் நின்ற முழங்காலுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

உடையைப் பார்த்து வாசலில் தடுக்கிற ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள், இல்லாமல் இல்லை. 2014இல் சென்னையில் வேட்டி கட்டி வந்த உயர் நீதிமன்ற நீதிபதியையே ஒரு கிளப்பில் உள்ளே விடவில்லை. அதற்காகத் தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. 2021இல் டெல்லி உணவகம் ஒன்றில் புடவை ‘ஸ்மார்ட் கேஷுவல்’ ஆகாது என்றார்கள். நியூ டவுனில் என்னை யாரும் தடுத்ததில்லை. என்னைத் தடுப்பதெல்லாம் வீடியோ காலில் வரும் என் பெண்தான். “அம்மா, ஆன்ட்டி மாதிரி இருக்கே.” “நான் ஆன்ட்டிதான்டீ.” அவள் அனுப்பும் கட்டுரைகளில் வயதுக்கேற்ற உடை என்று பட்டியல் இருக்கும். ஐம்பதுக்கு மேல் கையில்லாத ரவிக்கை கூடாது என்று ஒன்றில் படித்தேன். எழுதியவர் கொல்கத்தாவில் ஒரு செப்டம்பர் மாதம் இருந்து பார்த்ததில்லை.

துணிதான் முதல். மாதவிடாய் நிற்கும் வயதில், பேசிக்கொண்டிருக்கும்போதே பிடரியிலிருந்து அனல் கிளம்பும். பாலியெஸ்டர் சாட்டினும் ஜார்ஜெட்டும் கடைக் கண்ணாடியில் அழகாக இருக்கும், அந்த நேரத்தில் முதுகோடு ஒட்டிக்கொண்டு ஈரத் தடத்தை ஊருக்குக் காட்டும். ஃபூலியா, சாந்திபூர் பக்கம் நெய்கிற மெல்லிய பருத்தி காற்றை விடும். டாக்காய் ஜாம்தானி கட்டினால் வளையலைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அதில் பூக்களை நெய்யும்போதே கையால் தனி நூல் கோத்து வைக்கிறார்கள். கல் பதித்த வளையல் மாட்டினால் ஒரு இழை வெளியே வந்துவிடும், அப்புறம் ராத்திரி முழுக்க அதைத்தான் தடவிக்கொண்டிருப்போம். ஹோட்டலுக்குள் போனால் ஏ.சி. குளிர் எலும்புக்கு இறங்கும், அதற்கு ஒரு காந்தா சால்வை. செருப்பையோ ஷூவையோ போட்டுக்கொண்டு புடவை கட்ட வேண்டும். கட்டிவிட்டுப் போட்டால் கொசுவம் தரையில் புரளும், இல்லை கணுக்காலில் நிற்கும்.

ரவிக்கை என்பது தனிக் கதை. பழைய பட்டு ரவிக்கையை உள்பக்கம் திருப்பினால் பக்கவாட்டில் மூன்று தையல் ஓடியிருக்கும். ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டே வந்திருக்கிறேன். பிரித்த இடத்தில் ஊசித் துளைகள் வரிசையாக நிற்கும். அதற்கு அப்பால் வெயில் படாத துணி, வாங்கிய நாள் நிறத்திலேயே, ஒரு விரல் அகலத்துக்கு. எங்கள் வீட்டுப் பக்கத்துத் தையல்கார மாஸ்டர் அதைத் தடவிப் பார்த்துவிட்டு, “ஆர் காபோட் நேய், பௌதி” என்றார். இனித் துணி இல்லை, அண்ணி. கறுப்புப் பருத்தியில் அக்குளிலிருந்து இடுப்பு வரை பட்டை வைத்துத் தரச் சொன்னேன். தைத்து வந்தபோது வேண்டுமென்றே வைத்த டிசைன் மாதிரி இருந்தது.

கறுப்பு எங்கள் வீட்டில் ஆகாது. விசேஷங்களில் கறுப்புக் கரை தெரிந்தாலே பாட்டி முகம் சுளிப்பார். ராத்திரி விருந்துக்கு உலகம் முழுக்க அதுதான் நிறம். 1926இல் அமெரிக்க வோக் பத்திரிகையில் கோகோ ஷனேலின் எளிய கறுப்பு உடைப் படம் வந்தது. ஃபோர்டு கார் மாதிரி எல்லோருக்கும் ஆகக்கூடியது என்று வர்ணித்தார்கள். விசேஷத்துக்கு ஆகாத நிறம் என்பதே எனக்கு வசதியாகப் போயிற்று. கறுப்பில் சிவப்புக் கரை பருத்திப் புடவை, வெள்ளை ஸ்னீக்கர், பெரிய பொட்டு, வெள்ளித் தோடு. இதைக் கட்டிக்கொண்டு எந்தக் கல்யாணத்துக்கும் போக முடியாது.

பாக்கெட் ஒன்றுதான் குறை. கைப்பையை மேஜையில் வைத்தால் தட்டுக்கு இடமில்லை, மடியில் வைத்தால் ஆட எழுந்திருக்க முடியவில்லை. பாட்டி இடுப்பில் சுருக்குப் பை செருகியிருப்பாரே, அதையே முந்தானை மறைக்கிற இடது பக்கத்துக்கு, மிஞ்சிய கறுப்புத் துணியில் தைத்துத் தரச் சொன்னேன். மாஸ்டர் என் போனை வாங்கி நீளம், அகலம் அளந்தார். “இது மட்டுந்தானா பௌதி, சார்ஜருக்கும் இடம் விடவா?” என்று கேட்டார். சார்ஜர் வேண்டாம், மூக்குக் கண்ணாடிக்கு விடுங்கள் என்றேன். அந்த மங்கல் வெளிச்சத்தில் மெனு கார்டை எங்களில் ஒருத்தியாவது படித்தாக வேண்டுமே.