படத்தில் நிற்பவர் யார்?

பிரிஞ்சாங்கிலிருந்து வடக்கே போகும் மலைச்சாலையில் திரிங்காப் இருக்கிறது. அங்கு வருவதற்கு முன்பே சுங்கை பாலாஸ் தேயிலைத் தோட்டத்துக்கு ஒரு பாதை பிரிந்துவிடும். திரிங்காப்புக்கு அப்பால் கோலா தெர்லா, கம்போங் ராஜா; அதையும் தாண்டினால் புளூவேலி. சுற்றுலா வருகிறவர்கள் இந்த வழியில் காய்கறி வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். ஊரின் கதையைக் கேட்க அவர்களுக்கு நேரம் ஏது? நமக்கு நேரம் உண்டு. வாருங்கள், பழைய வரைபடத்தையும் படத்தையும் பதிவேட்டையும் சற்றுப் புரட்டுவோம்.

1885இல் வில்லியம் கேமரன் என்ற அரசாங்க நில அளவையாளர் பகாங், பேராக் எல்லைக் காடுகளை அளக்க வந்தார். மலைகளுக்கு நடுவே சரிவு குறைந்த மேட்டுநிலம் ஒன்றைக் கண்டதாக எழுதினார். ஆனால் அது இருக்கும் இடத்தை வரைபடத்தில் தெளிவாகக் குறிக்கவில்லை. மறு ஆண்டே காலமாகிவிட்டார். காட்டையே வீடாகக் கொண்ட பூர்வகுடிகளுக்குத் தெரிந்த அந்த இடத்தை, பின்னால் வந்த வெள்ளைக்காரர்கள் தேட வேண்டியதாயிற்று. குறித்து வைக்காவிட்டால் மலையே தொலைந்துபோகும்; மனிதர் எம்மாத்திரம்!

1925இல் சர் ஜார்ஜ் மேக்ஸ்வெல் வந்து பார்த்த பிறகே மலை வளரத் தொடங்கியது. 1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் போ தோட்டத்தைத் தொடங்கினார். 1931இல் தாப்பாவிலிருந்து சாலை வந்து சேர்ந்தது. ஒரு நீராவி உருளை, சில கோவேறு கழுதைகள், தொழிலாளர்கள். இவற்றைக் கொண்டே காடு தோட்டமானது என்று வரலாறு சொல்லும். 'தொழிலாளர்கள்' என்ற அந்த ஒரே சொல்லுக்குள்தான் நம் தாத்தாவும் பாட்டியும் அடங்கியிருக்கிறார்கள்.

பழைய தோட்டப் படங்களும் பெரும்பாலும் இப்படித்தான். துரை நாற்காலியில் அமர்ந்திருப்பார். அவர் பெயர் படத்தின் அடியில் இருக்கும். முதுகில் கூடையுடன் நிற்கும் பெண்ணுக்கோ 'கொழுந்து பறிப்பவர்' என்பதே பெயர்.

பெயரும் பத்திரமும் வெறும் ஞாபகப் பொருள்கள் அல்ல. 1969க்குப் பிறகு, குடியுரிமை இல்லாதவர்கள் வேலை பெர்மிட் எடுக்க வேண்டி வந்தது. பெர்மிட் கிடைக்காத ஆயிரக்கணக்கானோர் கப்பலேறித் தமிழ்நாடு திரும்பினார்கள். 1926 முதல் 1973 வரை ஓடிய ரஜூலாவை மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். இங்கேயே பிறந்தும், பிறப்புப் பத்திரம் இல்லாததால் சிவப்பு அடையாள அட்டையோடு காலம் தள்ளியவர்கள் எத்தனை பேர்!

கோலாலம்பூரில் 1957இல் அமைக்கப்பட்ட தேசிய ஆவணக் காப்பகத்தில் அரசாங்கக் கோப்புகளும் வரைபடங்களும் படங்களும் இருக்கின்றன. அங்கே இல்லாதது உங்கள் வீட்டுத் தகரப் பெட்டியில் இருக்கலாம்: கல்யாணப் படம், கோயில் திருவிழாப் படம், பழைய சம்பளச் சீட்டு, தமிழ்நாட்டிலிருந்து வந்த கடிதம்.

ஆகவே ஒரு வேண்டுகோள். வருகிற ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெட்டியைத் திறவுங்கள். படத்தில் இருப்பவர் யார், எந்தத் தோட்டம், எந்த ஆண்டு என்று பாட்டியிடம் கேளுங்கள். பதிலைப் படத்தின் பின்புறத்தில் பென்சிலால் மெல்ல எழுதுங்கள். பேனா மை ஊறி முன்பக்கம் வந்துவிடும். மலைக் குளிரின் ஈரத்தில் படங்களுக்குப் பூஞ்சணம் பிடிக்கும். ஒவ்வொன்றையும் காகிதத்தில் சுற்றிக் காய்ந்த இடத்தில் வையுங்கள். பாட்டிக்கு நினைவு இருக்கும்போதே கேட்டுவிடுங்கள். இந்த வேலையை அடுத்த வருஷத்துக்குத் தள்ளிப் போடாதீர்கள்.