யாமமில்லாத ஊர்

கிருனாவுக்குப் போய்வந்தோம் என்று சொன்னால் நெய்வேலியில் எவரும் முதலில் கேட்பது, "அங்கே யார் இருக்கிறார்கள்?" என்பதுதான். பிள்ளைகள் இருக்கும் நாட்டுக்கே பெற்றோர் பயணம் போவது என்பது நம் காலத்தின் வழக்காகிவிட்டது. அங்கே எங்களுக்கு எவரும் இல்லை. ஸ்டாக்ஹோமில் பழைய மாணவர் ஒருவர் இரண்டு இரவு தங்க இடம் கொடுத்தார். அதற்குமேல் சுவீடனில் எங்களுக்குத் தெரிந்தவை கையில் இருந்த இரயில் சீட்டும், தாளில் எழுதி வைத்திருந்த நான்கு சுவீடிய வார்த்தைகளும்தாம்.

நாங்கள் என்று எழுதுவதற்குக் காரணம் உண்டு. எங்களில் ஒருவர் கல்லூரியில் தமிழ் கற்பிப்பவர். மற்றவர் சுரங்கத்தின் நீரேற்றுப் பிரிவில் வேலை பார்ப்பவர். பழுப்பு நிலக்கரிப் படுகைக்குக் கீழே அழுத்தத்தோடு நிற்கும் ஊற்றுநீரை இரவு பகலாக இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். நிறுத்தினால் அது படுகையை உடைத்துக்கொண்டு மேலே வந்துவிடும். ஒருவர் சொல்லைத் தோண்டிப் பிழைக்கிறார், மற்றவர் தோண்டிய குழி நிறையாமல் காத்துப் பிழைக்கிறார் என்று வீட்டில் கேலி பேசிக்கொள்வதுண்டு. எங்களில் ஒருவரின் தாயார் எங்களோடு இருக்கிறார். இருவருமே அவரை அம்மா என்றுதான் அழைக்கிறோம். இந்தப் பயணம் ஒருவகையில் அவர் பொருட்டு நேர்ந்தது.

அம்மா பிறந்த ஊர் இன்று எந்தப் பெயர்ப்பலகையிலும் இல்லை. நெய்வேலி நிலக்கரி நிறுவனம் 1956 நவம்பரில் தொடங்கப்பட்டது. 1957 மே 20 அன்று நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். அப்போது அம்மாவுக்குப் பன்னிரண்டு வயது. அந்த ஆண்டுகளில் எடுபட்ட ஊர்களுள் அவருடையதும் ஒன்று. மேல்மண்ணை அகற்றி 1961 ஆகஸ்டில் நிலக்கரி கண்ணுக்குத் தெரிந்தபோது, அவர்கள் ஊர் ஏரி இருந்த இடத்தில் வானம்தான் இருந்தது என்பார். குழிக்கு மேலே வேறென்ன இருக்கும்? பிறகு குழி நகர்ந்தது, பழைய குழி நிரப்பப்பட்டது, அதன்மேல் மரம் வைத்தார்கள். எண்பது வயதிலும் அம்மாவுக்குத் திசை என்பது அந்த ஊரின் திசைதான். "அய்யனார் கோயில் பக்கம் மின்னுது, மழை வரும்" என்பார். அவர் சொல்லும் பக்கத்தில் மண்மேடுதான் தெரியும்.

சில ஆண்டுகளுக்கு முன் நாளிதழ் ஒன்றில் சிறு செய்தி. சுவீடனின் வடக்கே ஓர் ஊர், சுரங்கத்துக்காக அப்படியே மூன்று கிலோமீட்டர் கிழக்கே நகர்கிறது. அதன் மரத் தேவாலயத்தைப் பிரிக்காமல் முழுதாகத் தூக்கிச் செல்லப் போகிறார்கள். அம்மாவுக்குப் படித்துக் காட்டினோம். "கோயிலத் தூக்கிட்டுப் போவாங்களா? நீங்க பாத்தீங்களா?" என்றார். பார்க்கவில்லை என்றோம். அன்றிலிருந்து ஒரு தனிக் கணக்கில் பணம் சேரத் தொடங்கியது.

2025 ஜூன் முதல் வாரம் புறப்பட்டோம். கல்லூரி திறப்பதற்குள் திரும்பியாக வேண்டும் என்பதால் அந்தக் காலம் அமைந்தது. அது வடக்கே கோடையின் தொடக்கமும்கூட. விசாவுக்காக அலைந்த கதையை எழுதினால் தனிக் கட்டுரையாகிவிடும், விடுவோம். ஒன்று மட்டும். பயணத் திட்டத்தில் "கிருனா, ஐந்து நாள்" என்று எழுதியிருந்ததைப் பார்த்த அலுவலர், "அங்கே பார்க்க என்ன இருக்கிறது?" என்று கேட்டார். "சுரங்கம்" என்றோம். முகவரியைப் பார்த்தார், நெய்வேலி. மறுபடி எங்களைப் பார்த்தார்.

ஸ்டாக்ஹோமிலிருந்து இரவு இரயில். பதினைந்து மணி நேரத்துக்கு மேலான பயணம். புளிக்காய்ச்சல் ஒரு புட்டி, சின்ன அரிசிக் குக்கர் ஒன்று, கம்பளிச் சட்டைகளுக்குள் சுருட்டிய ஊறுகாய் ஆகியவற்றோடு ஏறினோம். இரவு இரயில் என்று பெயர்தானே தவிர இரவு வரவேயில்லை. பத்து மணிக்கு மங்கியது, பதினொன்றுக்கு மேலும் கொஞ்சம் மங்கியது, பிறகு மனம் மாறியதுபோல் வெளுக்கத் தொடங்கியது. விழித்தபோதெல்லாம் சன்னலில் ஊசியிலை மரமும் ஏரியும். மறுபடி மரம், மறுபடி ஏரி. மனிதர் எவருமில்லாத அந்த நீளம் முதலில் வியப்பாக இருந்தது. பிற்பாடு சிறிது அச்சமும் தந்தது. நமக்கு நிலம் என்றாலே அதில் ஓர் ஆளாவது, ஒரு மாடாவது தெரிய வேண்டும்.

அந்நாட்டில் எவருக்குச் சொந்தமான காட்டிலும் எவரும் நடக்கலாம், காட்டுப்பழம் பறிக்கலாம். வீட்டு முற்றத்தையும் விளைநிலத்தையும் மட்டும் மிதிக்கக் கூடாது. அதை எல்லோருக்குமான உரிமை என்கிறார்கள். நம் புறம்போக்குக்கும் ஒரு காலத்தில் ஏறக்குறைய அந்தப் பொருள் இருந்தது. இன்று அது வசைச் சொல். தமிழாசிரியர் என்ற முறையில் இதைப் பற்றிப் பாடமெடுக்க வாயெடுத்தபோது, நீரேற்றுப் பிரிவு உறங்கிப்போயிருந்தது.

கிருனா, ஆர்க்டிக் வட்டத்துக்கு வடக்கே சுமார் 145 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. மே இறுதியிலிருந்து ஜூலை நடுப்பகுதி வரை அங்கே சூரியன் மறைவதில்லை. நிழலான சரிவுகளில் பனி மிச்சமிருந்தது. பூர்ச்ச மரங்கள் அப்போதுதான் துளிர்த்திருந்தன. விடுதி அறையில் கனத்த கறுப்புத் திரை. அதை இழுத்துவிட்டால் இரவு, விலக்கினால் பகல். பொழுது என்பது துணியாக இருந்தது. நம் இலக்கணம் நாளை ஆறு சிறுபொழுதாகப் பகுத்து, ஒவ்வொன்றையும் ஒரு திணையோடு பிணைத்து வைத்திருக்கிறது. குறிஞ்சிக்கு யாமம் என்பார்கள். அங்கே மலை இருந்தது, யாமம் இல்லை. நள்ளிரவில் வெளியே நின்றால் மாலைவெயில் போன்ற தாழ்ந்த ஒளி. முல்லைக்குரிய மாலை வழிதவறி வந்து மலையின்மேல் இரவு முழுவதும் நிற்பதுபோல் இருந்தது. களவொழுக்கத்துக்கு ஏற்ற ஊரல்ல என்று சிரித்துக்கொண்டோம்.

ஊரின் கதை நெய்வேலியின் கதைக்கு அண்ணன் முறை. எல்.கே.ஏ.பி. என்ற இரும்புச் சுரங்க நிறுவனம் 1890இல் தோன்றியது, ஊர் 1900இல். முதல் மேலாளர் யால்மார் லுண்ட்பூம் ஒரு நிலவியலாளர். தொழிலாளருக்கு மாதிரி நகரம் அமைக்க வேண்டுமென்று விரும்பியவர். காற்று தடையின்றி வீசாதிருக்கத் தெருக்களை நேராக இடாமல், குன்றின் சரிவை ஒட்டி வளைத்துப் போட்டார்கள். எங்கள் வட்டங்களின் அளவுகோல் நேர்மைக்கு நேரெதிர்.

ஆனால் குழி வேறு மாதிரி. நெய்வேலியில் வானம் பார்த்த சுரங்கம். மண்ணை அகற்றி, அடியில் உள்ளதை அள்ளுகிறோம். கிருனாவில் தாது ஒரு சாய்ந்த பலகைபோல் மலையிலிருந்து ஊருக்கு அடியில் இறங்குகிறது. 2013 முதல் இயங்கும் முதன்மைத் தளத்தின் மட்டம் 1,365 மீட்டர். கீழே தாதுவை எடுக்க எடுக்க, மேலுள்ள பாறை உடைந்து சரிகிறது. அந்த விரிசல் ஆண்டுதோறும் ஊரை நோக்கி வருகிறது. ஊர் நகர வேண்டும் என்று 2004இல் சொன்னார்கள். ஏறத்தாழ 6,000 பேர் இடம்பெயர வேண்டும் என்பது அப்போதைய கணக்கு. புதிய நகர மையம் 2022 செப்டம்பரில் திறக்கப்பட்டது. வீட்டுக்காரர்களுக்கு இரண்டு வாய்ப்பு: சந்தை விலையோடு அதில் நான்கிலொரு பங்கு கூடுதல், அல்லது ஈடாகப் புதிய வீடு. மைக்கூடுபோல் இருப்பதால் மைக்கூட்டு வீடுகள் என்றே பெயர்பெற்ற பழைய தொழிலாளர் மரவீடுகளை வண்டியில் ஏற்றிக் கொண்டுபோயிருக்கிறார்கள்.

இதையெல்லாம் கேட்டு உடனே ஒப்பிட்டுப் பெருமூச்சு விடுவது எளிது. முதல் நாள் நாங்களும் விட்டோம். இரண்டாம் நாள் கொஞ்சம் யோசித்தோம். அங்கே ஊரை உண்டாக்கியதே சுரங்கம். இப்போது தான் உண்டாக்கியதைத் தானே நகர்த்துகிறது. நெய்வேலியில் ஊர்கள் முன்பே இருந்தன. கிருனாவிலும் முன்பே இருந்தவர்கள் உண்டு. கலைமான் மேய்க்கும் சாமி மக்கள். அவர்களுடைய மேய்ச்சல் தடங்களை வண்டியில் ஏற்றி எங்கே வைப்பது? அருங்காட்சிப் பொருளாக அவர்கள் கைவினை எல்லாக் கடையிலும் இருந்தது. அருமண் உலோகங்கள் நிறைந்த பெரும்படிவம் ஒன்று அங்கிருப்பதாக 2023இல் அறிவித்திருக்கிறார்கள். அதுவும் மேய்ச்சல் நிலத்தில்தான்.

மூன்றாம் நாள் தேவாலயத்துக்குப் போனோம். 1912இல் கட்டி முடிக்கப்பட்டது; சாமி மக்களின் கூடார வடிவைத் தழுவிய, செந்நிறமான பெரிய மரக்கட்டடம். ஓராண்டாகப் பூட்டிக் கிடந்தது. சுற்றிலும் வேலி. உள்ளே போக முடியாதென்று தெரிந்தேதான் போயிருந்தோம். பலிபீடத்துக்குப் பின்னுள்ள ஓவியம் இளவரசர் ஆயுகேன் வரைந்தது. அதில் ஏசுவின் உருவம் இல்லை, ஒரு மரத்தோப்பு மட்டுமே இருக்கிறது. கோயில்காட்டைச் சாமியாகக் கும்பிடும் நாட்டிலிருந்து வந்தவர்கள் அதைப் பார்க்க முடியாமல் வேலியோரம் நின்றோம்.

அங்கே ஒரு முதியவர் நாயோடு வந்தார். எங்கிருந்து வருகிறீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டார். சுரங்க ஊரிலிருந்து என்றதும் முகம் மலர்ந்துவிட்டது. என்ன எடுக்கிறீர்கள், எவ்வளவு ஆழம், தண்ணீர் வருமா என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டார். தண்ணீர்க் கேள்விக்கு எங்களில் ஒருவர் கால்மணி நேரம் பதில் சொன்னார். பிறகு அவர் எங்களைச் சிறிது தூரம் அழைத்துப்போய்க் கையை நீட்டினார். புல்லும் சில மரங்களும் இருந்தன. வீடுகளை அகற்றிய இடத்தைச் சுரங்கம் நெருங்கும்வரை பூங்காவாக வைத்திருக்கிறார்கள். "அந்த மூன்றாவது மரம் தெரிகிறதா? அதற்கு இந்தப் பக்கம் எங்கள் சமையலறை" என்றார். புது வீடு நன்றாக இருக்கிறதாம், குளிர் உள்ளே வருவதில்லையாம். குறை எதுவும் சொல்லவில்லை. ஆனால் நாய் தினமும் இங்கேதான் இழுத்து வருகிறது என்றார். நாய் எங்கள் காலடியில் படுத்திருந்தது. எழுந்து போகும் உத்தேசம் அதற்கு இருப்பதாகத் தெரியவில்லை.

அன்றிரவு ஒன்றரை மணிவாக்கில் கட்டில் மெல்ல அதிர்ந்தது. நள்ளிரவுக்குப் பின் தினமும் சுரங்கத்தில் வெடி வைப்பார்கள். தெரிந்திருந்தும் இருவரும் எழுந்து உட்கார்ந்துவிட்டோம். எழுந்தபின் சிரிப்பு வந்தது. வெடி அதிர்வுக்கு விழிப்பதற்காகவா இவ்வளவு தூரம் வந்தோம்? மீண்டும் உறக்கம் வரவில்லை. திரையை விலக்கினோம், வெயில். மணி இரண்டு, நெய்வேலியில் ஐந்தரை. அம்மா எழுந்திருப்பார். துணைக்கு வந்திருந்த உறவுக்காரப் பெண் கைப்பேசியைப் பிடித்துக்கொள்ள, வாசலில் நின்றபடி பேசினார்.

"அங்க விடிஞ்சிடுச்சா?"

"இன்னும் இருட்டவே இல்லம்மா."

அவருக்கு அது வேடிக்கையாகப் படவில்லை. "அப்ப வெளக்கு எப்ப வைப்பாங்க?" என்றார். தெரியவில்லை என்றோம். கோயிலைப் பார்த்தீர்களா என்றார். பார்த்தோம், உள்ளே விடவில்லை, ஆகஸ்டில் தூக்கப் போகிறார்கள் என்றோம்.

"சாமியையுமா?"

"எல்லாத்தையும்தான். அப்படியே."

கொஞ்ச நேரம் பேசவில்லை. கோலப்பொடிக் கிண்ணம் கையில் இருந்தது. பிறகு சொன்னார்: "எங்க அய்யனாருக்குக் குதிர இருந்துச்சு. அவரு தானாவே போயிருக்கலாம்."

அவர் சிரித்தாரா என்பது கைப்பேசியில் சரியாகத் தெரியவில்லை. அந்த மண்குதிரைகளைப் பெயர்க்க முயன்றபோது கால்கள் உடைந்துபோனதாகவும், புதிய இடத்துக்குப் பிடிமண் மட்டும் எடுத்துப் போனதாகவும் முன்பே சொல்லியிருக்கிறார். எங்கள் வீட்டில் எரியும் விளக்கும், எங்களில் ஒருவரின் சம்பளமும், சொல்லப்போனால் அந்தப் பயணச் சீட்டும் அந்தக் குழியிலிருந்து வந்தவை. இதை அம்மாவிடம் நாங்கள் பேசியதில்லை. அவரும் பேசியதில்லை. அந்த வெயிலில், இரண்டு மணிக்கு, பேசியிருக்கலாம் என்று தோன்றியது. அதற்குள் இணைப்பு அறுந்தது.

மிச்ச நாட்களில் அபிஸ்கோவில் நடந்தோம், ஏரிப் பனிக்கட்டி உடைவதைப் பார்த்தோம், 68 பெட்டிகள் கொண்ட தாது இரயில் நார்விக் துறைமுகத்தை நோக்கிப் போவதை எண்ணி முடித்தோம். கொசுக்காலம் இன்னும் தொடங்கவில்லை என்று எல்லோரும் எங்களை வாழ்த்தினார்கள். திரும்பும்போது பலாப்பழக் காலம் முடியுமுன் ஊர் சேர்ந்துவிட்டோம்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்க்கிழமை. தேவாலயப் பெயர்ச்சியைச் சுவீடனின் தொலைக்காட்சி நேரலையாகக் காட்டியது. ஒருவர் அரைநாள் விடுப்பு, மற்றவருக்கு இரண்டாம் ஷிப்ட். 672 டன் எடை, மணிக்கு அரைக் கிலோமீட்டர் வேகம், ஐந்து கிலோமீட்டர் தூரம், இரண்டு நாள். அம்மா நாற்காலியை முன்னுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டார். முதல் பத்து நிமிடம் எதுவும் நகர்வதாகத் தெரியவில்லை. பின்னணியில் இருந்த மரத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துத்தான் அது நகர்வதைக் கண்டுபிடித்தோம்.

"தேரு மாதிரி இல்ல இருக்கு" என்றார். "வடம் புடிக்க ஆளக் காணும்."

மறுநாள் மாலை நாங்கள் வீடு திரும்பியபோது அது புதிய இடத்துக்கு வந்து நின்றிருந்தது. அரசர் வந்திருந்தார், கூட்டம் கைதட்டியது. "நெலைக்கு வந்துடுச்சு" என்று அம்மாதான் எங்களுக்குச் சொன்னார். மதியமெல்லாம் தூங்காமல் பார்த்திருக்கிறார். காப்பி குடித்து முடித்து, தம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்:

"பழைய எடத்துல இப்ப என்ன இருக்கு? அதக் காட்ட மாட்டாங்களா?"

நேரலை முடியும்வரை பார்த்தோம். காட்டவில்லை.