வண்டியின் முகப்பணி

பழம்பொருளைத் துலக்கப் புகுவார்க்கு, நீக்கத்தக்கது இன்னது, விடத்தக்கது இன்னது எனத் தெரிதல் முதற்கடனாம். இதனை எமக்கு உணர்த்தியது பாட்டனாரின் அம்பாசடர் மோட்டார் வண்டி. இராசபாளையத்தில் அதனை வாடகைக்கு ஓட்டியே அவர் தம் மக்கள் மூவரையும் படிப்பித்தார். வங்காளத்து உத்தரபாராவில் அவ்வண்டியின் ஆக்கம் 2014-இல் நின்றுவிட்டது. ஆதலின் உறுப்பொன்று கெடின் மாற்றுப் பெறுதல் எளிதன்று.

கிறிஸ்துமஸ் விடுமுறையில், பானெட்டின் முகப்பணியைக் கழற்றலானோம். துருவேறிய நட்டுகளுக்கு எண்ணெயிட்டு ஓரிரவு ஊறவிட்டு, மறுநாள் சிறிது சிறிதாகத் தளர்த்தினோம். அணி பெயர்ந்த இடத்தில், வெயில் காணாத நீலவண்ணம் புதிதெனப் பொலிந்தது. பாட்டனார் அதனை விரலால் தடவி நெடுநேரம் வாளாவிருந்தார்.

பின்னர் அடுத்துள்ள ஸ்ரீவில்லிபுத்தூரில் முலாம் பட்டறையொன்றை நாடினோம். உப்புத்தாளால் தேய்ப்பின் ஒளி மிகும் என்பர் சிலர். அஃது ஈண்டுப் பொருந்தாது. குரோமியப் படலம் பெரும்பாலும் மில்லிமீட்டரின் ஆயிரத்திலொரு பங்கினும் மெல்லியது. ஒளியைப் பெரிதும் தருவது அதன் கீழுள்ள நிக்கலே. குரோமியம் அதற்குக் காவல். உரிந்த பழைய முலாமை முற்றும் அகற்றிச் செம்பு, நிக்கல், குரோமியம் என முறையே ஏற்றுதலே தக்க வழி.

பட்டறையார் அணியின் ஓரத்தைச் சுட்டி, “இந்த நெளிசலையும் எடுத்துவிடலாமா, தம்பி?” என்றார். அஃது எம் தந்தையார் சிறு பருவத்தில் எறிந்த பந்தினால் நேர்ந்தது. பாட்டனார் அதனை ஒருபோதும் செப்பனிட்டாரல்லர்.

“அது இருக்கட்டும், ஐயா” என்றோம்.