கறுப்புக் கதவில் ஒரு முகம்

முதல் படத்தில் காரைவிட மகன்தான் தெளிவாகத் தெரிந்தான். கறுப்புக் கதவில், செல்போனைத் தூக்கிப் பிடித்தபடி, பின்னால் எதிர்வீட்டு ஜன்னலில் காயும் துணிகளோடு. படத்தை வாங்கிப் பார்த்த அப்பா, "வண்டியை எடுக்கச் சொன்னால் உன்னையே எடுத்துக்கொண்டாயா?" என்றார்.

2023 செப்டம்பர். மும்பை வடாலாவில் ஒரு சந்து. ஓரமாக நின்றது ஒரு பிரீமியர் பத்மினி டாக்ஸி. உடல் கறுப்பு, கூரை மஞ்சள். மும்பையில் டாக்ஸிக்கு 20 வயதுவரைதான் அனுமதி. இந்த வண்டிக்கு அது முடிய இன்னும் நான்கே நாள். அப்புறம் காயலான் கடை. ஜான்பூரிலிருந்து வந்து இந்த ஊரில் குடும்பத்தை நிலைநிறுத்திய அப்பாவுக்கு, சுவரில் மாட்ட ஒரு படம் வேண்டும். வீட்டில் இருந்த ஆல்பங்களில் வண்டி எங்கேயோ ஓரத்தில் பாதி பானெட்டாகத்தான் நின்றது.

நிற்கிற காரைப் படமெடுப்பதில் என்ன கஷ்டம் என்று மகன் நினைத்திருந்தான். அசையாது, கண் சிமிட்டாது. ஆனால் நன்றாகத் துடைத்த கறுப்பு கார், சக்கரம் வைத்த கண்ணாடி. எதிரில் இருப்பதை எல்லாம் வாங்கித் தன் மேல் பூசிக்கொள்ளும். கல்யாணங்களுக்குப் படமெடுக்கும் நண்பன் ஒருவன் வந்து பார்த்துவிட்டுச் சொன்னான்: "காரைப் பார்த்து இடம் தேடாதே. காருக்கு எதிரில் என்ன இருக்கிறது என்று பார்."

ஞாயிறு மாலை, லாரிகள் ஓய்ந்த நேரத்தில், சேவ்ரி பக்கம் ஒரு நீண்ட மதிலருகே வண்டியைக் கொண்டுபோனார்கள். எதிரே வெட்டவெளி. சூரியன் இறங்கும்வரை நண்பன் காமிராவைத் தொடவே இல்லை. நேர்வெயில் பம்பரில் பட்டுத் தெறிக்கும். நிழலில் உள்ளது எல்லாம் கரியாகிவிடும். சூரியன் மறைந்த பிறகு வானமே பெரிய விளக்கு. ஹெட்லைட்டிலிருந்து பின்விளக்குவரை ஒரே வெளிச்சக்கோடு ஓடி, பத்மினியின் பக்கவாட்டு வளைவை வரைந்து காட்டியது.

மற்றதெல்லாம் சின்னச் சின்ன வேலைகள். நின்றுகொண்டு எடுத்தால் கார் பொம்மைபோல் ஆகிவிடும். ஹெட்லைட் உயரத்துக்கு உட்கார வேண்டும். பக்கத்தில் போனால் மூக்கு வீங்கும்; பத்தடி பின்னால் போய் ஜூம் செய்ய வேண்டும். முன்சக்கரத்தைக் கொஞ்சம் திருப்பி, டயரின் பட்டை அல்ல, சக்கரத்தின் முகம் தெரியும்படி வைக்க வேண்டும். கூரையிலிருந்து விளக்குக் கம்பம் முளைத்தால் ஓரடி நகர வேண்டும். கறுப்பைப் பார்த்த காமிரா இருட்டு என்று ஏமாந்து வெளிச்சத்தைக் கூட்டும். கறுப்பு சாம்பலாகும், மஞ்சள் வெளுக்கும். வெளிச்ச அளவைக் கையால் குறைத்தால்தான் இரண்டும் தன் நிறத்துக்கு வரும். நண்பனின் போலரைசர் கண்ணாடி ஜன்னலின் பளபளப்பை அடக்கியது. குரோம் பம்பரிடம் மட்டும் அதன் ஜம்பம் பலிக்கவில்லை. உலோகப் பிரதிபலிப்பை அது அவ்வளவாகக் கட்டுப்படுத்தாது.

எந்தப் பக்கம் எடுப்பது என்பதில் அப்பாவுக்குச் சந்தேகமே இல்லை. வலதுபக்கம்தான். இடது கதவின் அடியில் துரு. 2005 ஜூலை 26-ல் சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியபோது, குர்லாவில் இருக்கைவரை நீரில் நின்ற வண்டி இது. அன்றிரவு அவர் கூரைமேல் கேரியரில் உட்கார்ந்து விடியலைப் பார்த்தார். அதே குர்லாவில்தான் பிரீமியர் ஆலை 1964-ல் ஃபியட் 1100 டிலைட்டைத் தயாரிக்கத் தொடங்கியது. அந்தக் கார்தான் 1974-ல் சித்தூர் ராணியின் பெயரில் பத்மினி ஆனது.

"நீங்களும் பக்கத்தில் நில்லுங்கள்" என்றான் மகன். "டிரைவர் எதுக்கு? வண்டி போதும்" என்று அப்பா மதில் ஓரமாக ஒதுங்கிக்கொண்டார். எவ்வளவு சொல்லியும் வரவில்லை.

மும்பையில் கடைசியாகப் பதிவான பத்மினி டாக்ஸி 2003 அக்டோபர் 29-ல் பதிவானது. 2023 அக்டோபர் 30 முதல் அந்த நகரத்தில் பத்மினி டாக்ஸிகள் இல்லை. இந்த வண்டி அதற்குச் சில வாரம் முன்பே போய்விட்டது. சட்டம் போட்ட படம் சுவருக்கு வந்தது. மதில், மாலை வானம், குற்றம் சொல்ல முடியாத கறுப்பு. வருகிறவர்கள் எல்லாம் காலண்டர் படமா என்று கேட்கிறார்கள். அப்பாவுக்கு அதில் பெருமைதான்.

மகன் போனில் இடமில்லாமல் பழைய படங்களை அழித்துக்கொண்டிருந்தபோது அந்த முதல் படம் வந்தது. அழிக்குமுன் விரலால் பெரிதாக்கிப் பார்த்தான். கறுப்புக் கதவில் அவன். அவன் தோளுக்குப் பின்னால், தோளில் துடைக்கும் துணியோடு, காரைப் பார்த்துக்கொண்டு அப்பா. மூவரும் சேர்ந்திருக்கும் படம் அது ஒன்றுதான்.